பார்க்காமலே மூலம்

மூலவருத்தம் ஆளைக் கொல்வது மிக அரிது. ஆனால் மூலம்தான் என்று தாமே முடிவுகட்டி, ஒருவரிடமும் காட்டாமல் ஆண்டுக்கணக்காகச் சமாளித்து, கடைசியில் இறந்துபோனவர்கள் உண்டு. அவர்களைக் கொன்றது மூலம் அல்ல. அதே வாசலால், அதே சிவப்பில் இரத்தம் காட்டிய வேறொரு நோய்.

திரியாயிலும் அதை அண்டிய கரையோர ஊர்களிலும் மலசலகூடத்தில் இரத்தம் கண்டவர் அடுத்து என்ன செய்வார் என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். "உடம்புச் சூடு" என்பார். வயலில் நின்ற வெயிலும் கடலில் நின்ற வெயிலும் இருக்க, வேறு காரணம் தேடத் தோன்றாது. இளநீர் குடிப்பார். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார். கணவாயையும் இறாலையும் சில நாள் தள்ளிவைப்பார். இரண்டு கிழமையில் இரத்தம் நின்றுவிடும், இளநீருக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் மூலத்து இரத்தம் இப்படித்தான் வரும், நிற்கும், பிறகு வரும். குடலில் இருக்கும் கட்டியின் இரத்தமும் அப்படியே விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே "நின்றுவிட்டது" என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஊரின் இருப்பிடமும் இந்தத் தாமதத்துக்கு உடந்தை. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறது திரியாய். தெற்கே குச்சவெளியிலும் வடக்கே புல்மோட்டையிலும் அரச வைத்தியசாலைகள் உண்டு. முதல் பரிசோதனைக்கு அவை போதும். சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக், கமரா விட்டுக் குடலைப் பார்ப்பது என்று வந்தால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அதற்கும் அப்பாலோ போகவேண்டும். வைத்தியம் இலவசம், ஆனால் இழந்த நாட்கூலிக்கும் பஸ் காசுக்கும் யாரும் பொறுப்பில்லை. விதைப்பும் அறுவடையும் வந்தால் கிளினிக் துண்டு அலுமாரிக்குள் கிடக்கும். இந்த நியாயங்கள் எல்லாம் உண்மையானவை. அதனால்தான் எந்த இரத்தம் காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பது நகரத்தவரைவிட இங்கே இருப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மூலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றல்ல. குதவாயின் உட்சுவரில் இரத்தக்குழாய்களும் மெல்லிய தசையிழைகளும் சேர்ந்த மூன்று மெத்தைகள் பிறக்கும்போதே எல்லோருக்கும் இருக்கின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு. மலமும் நீரும் வாயுவும் நம் விருப்பமில்லாமல் வெளியேறாதபடி வாயிலை இறுக மூடுவதில் அவற்றுக்கு வேலை உண்டு. ஓய்வாக இருக்கும்போது குதவாயை மூடிவைக்கும் அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இவற்றின் பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கால்களில் நரம்பு புடைப்பதுபோல இங்கேயும் நாளங்கள் புடைப்பதே மூலம் என்ற பழைய எண்ணத்தை, பிரிட்டிஷ் சத்திரசிகிச்சை நிபுணர் தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வு மாற்றியது. மெத்தைகளைச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் இழைகள் முக்கலாலும் வயதாலும் தளர்கின்றன, மெத்தைகள் கீழே சரிகின்றன, சரிந்தவை வீங்கி மலம் உரசும்போது கசிகின்றன. கர்ப்பம், நாட்பட்ட மலச்சிக்கல், நாட்பட்ட வயிற்றோட்டம் ஆகியவை இந்தச் சரிவை விரைவுபடுத்தும்.

வாயிலிலிருந்து சுமார் 2 சென்றிமீற்றர் உள்ளே ஓர் எல்லைக்கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே தோலைப் போன்ற பகுதி, ஊசி பட்டாலும் துடிக்கும். மேலே குடலின் உட்சவ்வு, அங்கே வெட்டுவதும் சுடுவதும் அநேகமாகத் தெரியாது. உள்மூலம் நோகாமல் சொட்டுச்சொட்டாக வடிப்பதற்கு இதுதான் காரணம். "நோவில்லைத்தானே, பயமில்லை" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வது இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. கோட்டுக்கு மேலே வளரும் புற்றும் தொடக்கத்தில் நோவதில்லை. உயிர்போகிற மாதிரி நோவு வந்தால் அது பெரும்பாலும் குதவாய் வெடிப்பாகவோ, சீழ்க்கட்டாகவோ, வெளிமூலத்தில் இரத்தம் உறைந்ததாகவோ இருக்கும். மூன்றும் தொல்லைதான், ஆனால் நோவு அந்த ஆளை எப்படியும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நோகாதவர்தான் வீட்டில் இருந்துவிடுகிறார்.

இலங்கையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆண்களிலும் பெண்களிலும் முதல் ஐந்து இடங்களுக்குள் இருக்கிறது. பெரும்பாலானவை சிறு முகிழ்போன்ற ஒரு வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறச் சுமார் பத்து ஆண்டுகள் எடுக்கின்றன. அந்தப் பத்து ஆண்டுக்குள் கண்டால் கமராவாலேயே நறுக்கி எடுத்துவிடலாம். புற்றாகிய பின்னும் குடற்சுவருக்குள் அடங்கியிருக்கையில் பிடிபட்டால், நல்ல சிகிச்சை கிடைப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து ஆண்டைக் கடக்கிறார்கள். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பிறகு அது பத்துக்கு ஒன்று அல்லது இரண்டாகச் சுருங்குகிறது. இந்த இரண்டு கணக்குக்கும் இடையே பல வீடுகளில் கழிந்திருப்பது களிம்பு பூசிய காலம்தான்.

எது மூலத்து இரத்தம், எது இல்லை என்று பார்வையால் பிரிக்கலாமா? ஓரளவு. மூலத்தின் இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. மலத்தோடு கலக்காமல் அதன்மேல் கோடாகப் படியும், அல்லது மலம் போன பிறகு பீங்கானில் சொட்டும். மலத்தோடு குழைந்த இரத்தம், கருஞ்சிவப்பான இரத்தம், சளியோடு வரும் இரத்தம் ஆகியவை மேலேயிருந்து வருபவை. தார்போலக் கறுத்து ஒட்டும் மலம் இரைப்பையில் இரத்தம் கசிவதன் அடையாளம். ஆனால் மலக்குடலின் அடிப்பகுதியில் உள்ள புற்று, மூலத்தைப் போலவே பளிச்சென்ற சிவப்பில் வடிக்கும். நிறத்தை நம்பி வீட்டில் இருக்கலாம் என்று எந்த அனுபவசாலியும் சொல்லமாட்டார். பீட்ரூட் கறி தின்ற மறுநாள் சிவப்பைக் கண்டு அலறுவதும் உண்டு, அதைச் சிரித்துவிட்டுப் போகலாம். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவருக்கு மலம் கறுக்கும், அதுவும் இயல்பு. ஆனால் உண்மையான தார்மலத்தை இந்தக் கறுப்பு மறைத்துவிடக்கூடும், ஆகவே குளிசை எடுப்பதை வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

இரத்தத்தோடு சேர்த்துக் கவனிக்கவேண்டியவை வேறும் உண்டு. வழக்கமாகக் காலையில் ஒருதடவை போனவர் ஆறு கிழமைக்கு மேலாக நாலைந்து தடவை போகிறார், அல்லது மலச்சிக்கலும் வயிற்றோட்டமும் மாறிமாறி வருகின்றன. போய்வந்த பின்னும் இன்னும் மிச்சமிருப்பதுபோல உள்ளே அழுத்துகிறது. காரணமில்லாமல் சாரமும் காற்சட்டையும் இடுப்பில் தளர்கின்றன. நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு முதன்முறையாக இரத்தம் வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலம் என்ற பேச்சை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இளவயது என்பதால் தப்பிவிடலாம் என்றும் இல்லை. ஐம்பதுக்குக் கீழானவர்களிடம் இந்தப் புற்றுநோய் பல நாடுகளில் கூடிவருவதால், அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கவேண்டிய வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள்.

திரியாய் ஆட்களுக்கென்றே ஒன்று சொல்லவேண்டும். வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, குடும்பத்தில் யாருக்காவது குடற்புற்று இருந்ததா என்பது. 1985இல் போரில் எரிந்து கலைந்த ஊர் இது. ஒரு தாய் பிள்ளைகளில் ஒருவர் திருகோணமலை நகரில், ஒருவர் முல்லைத்தீவில், ஒருவர் தமிழகத்து முகாமில், ஒருவர் கனடாவில் என்று சிதறிய குடும்பங்களில், பெரியப்பா எந்த வருத்தத்தில் போனார் என்பது "வயித்துக்குள்ள ஏதோ" என்ற அளவில் நின்றுவிடுகிறது. அது வெறும் பழங்கதை அல்ல, இரத்த உறவுகளின் மருத்துவக் கணக்கு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்று வந்திருந்தால் ஒருவர் நாற்பது வயதிலேயே, அல்லது அந்த உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, குடலைக் கமராவால் பார்ப்பது நல்லது என்பது பல நாடுகளின் நடைமுறை. கனடாவின் ஒன்ராறியோவிலும் இங்கிலாந்திலும் 50 வயதான ஒருவருக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பெட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருதடவை தபாலில் கிடைக்க வழி இருக்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணனுக்கு அந்தப் பெட்டி வரும், திரியாயில் இருக்கும் தம்பிக்கு வராது. அடுத்தமுறை வட்ஸ்அப்பில் பேசும்போது காசு விஷயத்துக்கு முன்னால் அந்தச் சோதனையில் என்ன வந்தது என்று அண்ணனிடம் கேட்பது பயனுள்ள விசாரிப்பு.

புற்று இல்லாமல் வெறும் மூலமே என்றாலும், விட்டுவைத்தால் உடல் அதற்கு ஒரு விலை கொடுக்கும். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் போனால் இழப்பு இரண்டரை மில்லிகிராம். சாதாரண உணவிலிருந்து உடல் உறிஞ்சி எடுப்பதோ நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம். கையிருப்பு கரைந்துகொண்டே போகும். மாதவிடாயும் பிள்ளைப்பேறும் ஏற்கெனவே கையிருப்பைக் குறைத்திருக்கும் பெண்களிடம் இது இன்னும் விரைவு. சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கும் நம் பழக்கம் இரும்பு உறிஞ்சப்படுவதை மேலும் குறைக்கிறது. சோறு தின்று ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. படியேற மூச்சு வாங்குவதும், வரம்பில் நடக்கத் தலைசுற்றுவதும் வயதால் வந்தவை என்று ஒதுக்கப்பட்டு, ஒருநாள் ஹீமோகுளோபின் ஏழு என்று அறிக்கை வரும்போதுதான் வீட்டில் பரபரப்பு. ஆணுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் கீழெல்லை. நாற்பது கடந்த ஓர் ஆணுக்கு இரும்புக்குறை இரத்தச்சோகை என்றால், மூலம் கண்முன்னே தெரிந்தாலும், குடலைப் பார்க்காமல் கோப்பை மூடக்கூடாது. மூலம் புற்றாக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், மூலம் அவ்வளவு பரவலானது.

சரி, வைத்தியசாலையில் என்ன நடக்கும்? இந்தப் பயம்தான் பலரைத் தடுக்கிறது, ஆகவே விவரமாகச் சொல்லிவிடுவது நல்லது. இடப்பக்கம் சரிந்து முழங்காலை நெஞ்சோடு மடித்துப் படுக்கச் சொல்வார்கள். துணியால் மூடிவிட்டு வெளிப்புறத்தைப் பார்ப்பார்கள். பிறகு கையுறை போட்ட விரலில் வழுக்கும் களி பூசி உள்ளே சுற்றிப் பார்ப்பார்கள். ஒரு நிமிடமும் ஆகாது. வாயிலுக்கு ஏழெட்டு சென்றிமீற்றருக்குள் இருக்கும் புற்றுகள் பல இந்த விரலுக்கே அகப்படும். ஆனால் உள்மூலம் அநேகமாக விரலுக்குத் தெரியாது, அவ்வளவு மெத்தென்று இருக்கும். அதைப் பார்க்க விரல்நீளக் குழாய் ஒன்றைச் செலுத்தி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பெண்கள் பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேட்கலாம், கேட்பது உரிமை. வெட்கத்தால் வாய்திறக்க முடியாதவர்கள் முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலும் வழி பிறக்கும். கர்ப்பகாலத்திலும் பிள்ளை பிறந்த பின்னும் மூலம் தலைகாட்டுவது சாதாரணம், அந்த உத்தியோகத்தருக்கு இது புதுச்செய்தியாக இராது.

வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில், தொட்டும் பார்க்காமல் "பைல்ஸ்" என்று எழுதிக் களிம்பு கொடுத்தனுப்பும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். "பார்க்க வேண்டாமா டொக்டர்?" என்று மரியாதையாகக் கேட்டால் கோபிக்கும் வைத்தியர் குறைவு. கோபித்தால் இன்னொரு நாள் இன்னொருவரிடம் போகலாம்.

இனிக் குறுக்குவழிக்காரர்கள். பஸ் தரிப்பிடச் சுவரிலும் மின்கம்பத்திலும் "மூலம், பவுத்திரம், ஒப்பரேஷன் இல்லாமல் ஒரே நாளில்" என்று ஒட்டப்பட்டிருக்கும் துண்டுகளைத் தமிழகத்திலும் இலங்கையிலும் காணாதவர் இல்லை. அவற்றின் பின்னால் இருக்கும் முறைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, அரிக்கும் மருந்தைப் பூசி மூலத்தைக் கருக்கி உதிரச்செய்வது. மூலத்தோடு சுற்றியுள்ள நல்ல தோலும் கருகும், ஆறும்போது வாயில் சுருங்கி, மலம் பென்சில் தடிப்பில்கூட வெளியேற முடியாத நிலை வரும். மற்றையது, என்ன மருந்தென்று சொல்லாத ஊசி. மூலத்துக்கு ஊசி போடுவது உண்மையிலேயே இருக்கும் சிகிச்சைதான்: பாதாம் எண்ணெயில் 5 சதவீத பினோல். ஆனால் அது எல்லைக்கோட்டுக்கு மேலே, சரியான ஆழத்தில், குழாய்வழியே பார்த்துக்கொண்டு போடவேண்டியது. ஆழம் தப்பி முன்பக்கம் போனால் ஆண்களில் புரஸ்டேட் சுரப்பியில் கிருமி தொற்றி, சிறுநீர் அடைத்து, ஆண்மைக்குறைவு வரை போனதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. தேர்ந்த நிபுணரின் கையிலேயே இப்படி நேர்ந்திருக்கும்போது, வாடகை அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் போடப்படும் ஊசியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

இதைச் சித்த வைத்தியத்துக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியரின் பதிவையும் உள்ளடக்குகிறது. யூகி முனிவர் பெயரில் வழங்கும் நூல் மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. வகை பிரிப்பதற்கு முதலில் பார்க்கவேண்டும், கேட்கவேண்டும். ஆக, பார்க்காமல் மருந்து கொடுப்பவர் எந்த மரபுக்கும் பிள்ளை அல்ல. இலைக்கள்ளிப் பாலும் நாயுருவி உப்பும் மஞ்சளும் ஏற்றிய காரநூல் பவுத்திரத்துக்குப் பயன்படுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சோதித்து 1991இல் முடிவு வெளியிட்டது. அதைக் கட்டவேண்டியவர் பயிற்சி பெற்றவர், பதிவு இலக்கம் உள்ளவர். இலக்கத்தைக் கேட்டால் காட்டுவார்.

பாமசிக் களிம்புகளும் சொல்லவேண்டிய விஷயம். அரிப்பையும் எரிவையும் அவை தணிக்கும், சரிந்த மெத்தையை மேலே ஏற்றா. பலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது. ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து கிழியத் தொடங்கும், அரிப்பு கூடும், அரிப்புக்காக மறுபடி பூசுவார்கள். ஆண்டுக்கணக்காகப் பூசியவர்களின் தோலைப் பார்த்தால் மூலத்தைவிட அதுதான் பெரிய வருத்தமாகியிருக்கும். இடுப்புவலிக்கும் மூட்டுவலிக்கும் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக், இதயத்துக்காக எடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும். இதயக் குளிசையைத் தாமாக நிறுத்துவது இரத்தக்கசிவைவிட ஆபத்து. வலிக்குளிசையை மட்டும் தாமாக நிறுத்தலாம்.

உறுதியாகப் பயன் தருவது எது என்றால், விலை குறைந்ததுதான். நார்ச்சத்தைக் கூட்டினால் மூலத்து இரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாகிறது என்று, 378 பேரைக் கொண்ட ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார் தேவை. காலையில் பாணும் சம்பலும், பின்னேரம் பணிசும் தேத்தண்ணியும் என்று போகும் நாளில் அதில் பாதியும் சேராது. தவிட்டோடு கூடிய சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, அவித்த கடலை, கௌபி, பயறு, முருங்கையிலை, வல்லாரை, தோலோடு கொய்யாப்பழம் என்று மாறினால் சேரும். முடியாதவர்கள் இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். தண்ணீர் குறைந்தால் நாரே அடைப்பாகும், வெயிலில் வேலை செய்பவர் இதை மறக்கக்கூடாது. பலன் தெரிய ஓரிரு கிழமையாவது எடுக்கும்.

மிளகாயைப் பற்றி ஒரு நல்ல செய்தி. இத்தாலியில் மூலமுள்ள 50 பேருக்கு மிளகாய்த்தூளையும் மிளகாயில்லாத போலி மருந்தையும் மாற்றிமாற்றிக் குளிசையில் அடைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2006இல் முடிவு வந்தது: மூலத்தின் தொல்லையில் வித்தியாசமே இல்லை. வெடிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு உறைப்பு எரிக்கும். கெட்ட செய்தி போனைப் பற்றியது. அமெரிக்காவின் பொஸ்டனில் குடல் கமராப் பரிசோதனைக்கு வந்த 125 பேரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், மலசலகூடத்துக்குள் போன் பார்ப்பவர்களிடம் மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. போன்தான் காரணம் என்று அந்தச் சிறிய ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் போன் உள்ளவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது பலமடங்கு அதிகம் என்பதையும் அது கண்டது. அடியில் தாங்கல் இல்லாமல் நீண்டநேரம் உட்கார்ந்திருந்தால் மெத்தைகள் இரத்தம் தேங்கி வீங்கும். குந்தியிருக்கும் மலசலகூடத்தில் குடலின் வளைவு நேராகி முக்கல் குறையும் என்பது உண்மை. கொமோட் வைத்தவர் காலுக்கு ஒரு சிறு பலகை போட்டுக்கொள்ளலாம். ஆனால் குந்தினாலும் அரைமணித்தியாலம் இருந்தால் ஒன்றுதான்.

நோவுக்கு, பேசினில் இளஞ்சூட்டு வெந்நீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் இருப்பது இதமாக இருக்கும். கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள்வரை போகவேண்டியதில்லை. உப்பும் டெட்டோலும் கலக்கவேண்டியதும் இல்லை, டெட்டோல் தோலைச் சுடும்.

இதற்கும் அடங்காத உள்மூலத்துக்கு இறப்பர் வளையம் போடுவார்கள். 1963இல் பரன் என்ற அமெரிக்க நிபுணர் பரவலாக்கிய முறை இது, இன்றும் உலகெங்கும் முதல் தெரிவு. மயக்கமருந்து வேண்டாம். வளையம் மெத்தையின் அடியை நெரிக்க, நாலு முதல் பத்து நாளுக்குள் அது உதிரும், அப்போது சிறிது இரத்தம் வருவது வழக்கம். பெரிதாகி வெளியே தள்ளிக் கையாலும் உள்ளே போகாத மூலத்துக்கு வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சை. லண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையில் உருவாகி 1937இல் வெளியான மில்லிகன், மோர்கன் முறைதான் இன்றும் அடிப்படை. ஓரிரு கிழமை நல்ல நோவு இருக்கும், திரும்பவருவது குறைவு. ஸ்டேப்பிள் முறையிலும் லேசரிலும் நோவு குறைவு, மூலம் திரும்பவரும் வாய்ப்பு கூடுதல். தனியார் விளம்பரங்கள் முன்பாதியை மட்டும் சொல்கின்றன. சாராயத்தாலோ வேறு காரணத்தாலோ ஈரல் சுருங்கியவர்களுக்கு மலக்குடலில் நாளங்கள் புடைத்து மூலம்போலத் தோன்றும். அதை மூலமென்று எண்ணி வளையம் போட்டால் இரத்தம் பீறிடும். குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள் என்பது இதனால்தான்.

சில நிலைமைகளில் அடுத்த கிளினிக் நாள்வரை இருக்கமுடியாது. வளையம் போட்ட சில நாட்களில் காய்ச்சலும், கூடிக்கொண்டே போகும் நோவும், சிறுநீர் போகாமையும் சேர்ந்து வந்தால் இடுப்புக்குள் கிருமி பரவுகிறது, அன்றே வைத்தியசாலை. சீனிவருத்தக்காரருக்கு வாயிலருகே வீங்கிச் சிவந்து காய்ச்சலோடு நொந்தால் அதுவும் அன்றே, சீழை வெட்டித்தான் விடவேண்டும், அன்ரிபயோட்டிக் குளிசையால் மட்டும் அடங்காது. இரத்தம் கட்டிகட்டியாகப் போய்த் தலைசுற்றினால் நடந்து பஸ் பிடிக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடவேண்டும். வாயிலில் திடீரென்று நீலநிறக் கட்டி எழும்பித் தாங்கமுடியாமல் நொந்தால், முதல் மூன்று நாளுக்குள் காட்டினால் சிறு வெட்டில் உறைந்த இரத்தத்தை எடுத்து உடனடி ஆறுதல் தரமுடியும். அதற்குப் பிறகு வெட்டுவதில் பயன் குறைவு, சில கிழமையில் தானாகக் கரையும்.

மற்றவர்கள் வசதியான ஒரு நாளில் குச்சவெளிக்கோ புல்மோட்டைக்கோ போகலாம். இரத்தம் எப்போது தொடங்கியது, என்ன நிறம், எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்பதைத் துண்டில் எழுதிக்கொண்டு போனால் வெட்கத்தில் பாதி குறையும். எடுக்கும் குளிசைகளையும் இதுவரை பூசிய களிம்பின் பெட்டியையும் கையோடு கொண்டுபோகவேண்டும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை வைத்தியர் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.